ஓடாத கார்

யோகேஸ், தொழிற்சாலை பஸ் வர நேரமிருக்கிறது,
இப்படி உட்கார்.
ஆறாம் மாதம்தானே, அதற்குள் எதையும் வாங்காதே.
பிள்ளைக் கட்டில் ஒன்று என் வீட்டில் சும்மா கிடக்கிறது.
பதினோராம் மாடி காக் ரோஹானா கொடுத்தது,
அவருக்கு யார் கொடுத்தார்களோ.
மேல் சட்டத்தில் நான்கு பிள்ளைகளின் பல் தடம்.
ஐந்தாவது உன்னுடையது.

பம்பர்ஸ் ராத்திரிக்கு மட்டும்.
பகலில் துணி கட்டினால்
ஈரம் உறைத்துப் பிள்ளையே சீக்கிரம் சொல்லும்
என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
இவள் மூன்று வயதுவரை வாய் திறக்கவில்லை.
சவர்க்காரக் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப்
பதினொரு மணிக்கு மேல் போ.
கடை கட்டும் அவசரத்தில்
பூசணியும் கேரட்டும் கூறு இரண்டு வெள்ளி.
அவித்து மசித்து ஐஸ் தட்டில் ஊற்றி வை,
ஒரு கட்டி ஒரு வேளைக்கு.

சப்பாத்து ஓர் அளவு பெரிதாக, முனையில் பஞ்சு.
இரண்டு அளவு வேண்டாம்.
தடுக்கி விழுந்து நெற்றி கிழிந்தால்
கிளினிக்கில் எண்பது வெள்ளி.
எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அப்புறம்,
பேரங்காடி வாசலில் அந்தச் சிவப்புக் கார்,
ஐம்பது காசு இரண்டு போட்டால் ஆடுமே,
அதில் இவளை ஏற்றி உட்கார வைப்பேன்.
காசு போட மாட்டேன்.
நான் வாயால் உறுமுவேன், அவள் ஸ்டியரிங் திருப்புவாள்.
கொம்தார் போவோம், பாலம் ஏறுவோம்,
ஒருநாள் ஈப்போவில் மாமா வீடுவரை போய்
சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.
ஒன்றரை வருடம் இப்படி.
எத்தனை வெள்ளி மிச்சம் என்று பெருக்கிப் பார்.
நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, நல்ல கூட்டம்.
யாரோ ஒரு மனிதர்,
கையில் மீந்த சில்லறையை
என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார்.
விளக்கு எரிந்தது. பாட்டு வந்தது.
கார் முன்னும் பின்னும் குதித்தது.
லவனீஷா ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள்.
இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி
“அம்மா, கெட்டுப்போச்சு, கார் கெட்டுப்போச்சு!”

அவர் சிரித்தார்.
நானும் சிரித்துக்கொண்டேதான் தூக்கினேன்.
அவள் நெஞ்சு என் தோளில் இடித்தது.
ஆளில்லாத கார் மிச்ச நேரத்தை
ஆடி முடிக்கும்வரை
அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

இப்போது பையின் சின்ன அறையில்
எப்போதும் இரண்டு ஐம்பது காசு வைத்திருக்கிறேன்.
மீன் வாங்கக் குறைந்தாலும் தொடுவதில்லை.
வாசலைத் தாண்டும்போது
“ஏறுறியா?” என்று கேட்பேன்.
அவள் ஏறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிலை எடுத்துக்கொள்.
திருகாணி நான்கும் மஞ்சள் பையில் இருக்கிறது,
ஒன்று கொஞ்சம் தேய்ந்தது.
இதோ, பஸ் வந்துவிட்டது.
நீ முதலில் ஏறு,
பார்த்து, படி உயரம்.