செம்புக் கம்பி

கணவாய்க்கு அந்தப் பக்கம் புல் வாங்கிக் கட்டிப்போட்டாயிற்று,
பணமும் கொடுத்தாயிற்று.
இந்தப் பக்கம் இருபத்தாறு ஆடுகள், ஒரு சினைப் பசு,
கிளம்ப மாட்டேன் என்கிற காஸ் லாரி.
நாரினில் பனி எந்த நாளும் விழலாம்.
சார்ஷென் யெகாதெரின்புர்க்கில் மினிபஸ் ஓட்டுகிறான்.
தொலைபேசியில் சொன்னான்:
"கார்புரேட்டரைத் தொடாதே. நான் வந்து பார்க்கிறேன்."
எப்போது வருவாய்?
"ஏப்ரலில்."
ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கலாம்.

நான்கு நட்டுகள். மூன்று கழன்றன.
நான்காவதுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப்
பள்ளிக்கூடம் போய்
ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்தி வந்தேன்.
சாயங்காலம் அதுவும் மனசு மாறியிருந்தது.

ரொட்டியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டுச்
சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்தேன்.
பக்கத்து வீட்டு ரய்கான் டார்ச் பிடித்தாள்.
மூடியைத் தூக்கியதும் கண் எரிந்தது.
கிண்ணத்தின் அடியில்
கழுவாத தேநீர்க் கோப்பையின் மஞ்சள்,
துருப்பொடி, மணல்,
ஓர் ஈயின் ஒற்றை இறக்கை.
மிதவையைக் காதருகே குலுக்கினேன்.
சத்தமில்லை. அதாவது ஓட்டையில்லை.

ஜெட்டைத் திருகி எடுத்து
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
கடுகு நுழையாத துளை.
அதற்குள்ளும் குறுக்கே எதுவோ.
ஊசிமுனையால் நெம்பினால் வருகிறது
ஒரு செம்புக் கம்பி, தலைமயிர் தடிமன்.
இன்னொரு ஜெட்டிலும் ஒன்று.
நழுவாதபடி இரு முனையும் மடித்து
யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்தது.
யாரோ என்ன யாரோ.

ரய்கான் சிரித்துவிட்டாள்.
"பெட்ரோல் மிச்சம் பிடிக்க. என் மாமனாரும் செய்வார்."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்,
லாரியின் தொண்டையையும் நெரித்திருக்கிறான்.
அந்தக் கம்பியில்தான் அழுக்கெல்லாம் சிக்கியிருந்தது,
முள்வேலியில் ஆட்டு ரோமம்போல.

துளைக்குள் இரும்பு விடக்கூடாது, அகன்றுவிடும்.
ரய்கான் இருட்டில் போய்
தன் வெள்ளைக் குதிரையின் வாலில்
மூன்று மயிர் பிடுங்கி வந்தாள்.
முதல் மயிர் கறுப்பாக வெளியே வந்தது.
இரண்டாவது பழுப்பாக.
மூன்றாவது வெள்ளையாகவே.

ஞாயிற்றுக்கிழமை ஒரே திருகில் கிளம்பியது.
பள்ளத்தாக்கு முழுக்கப் பறந்தேன்,
ஒரு பால்வண்டியை முந்தினேன்,
அவனைத் திட்டுவதற்கு வாக்கியங்கள் சேர்த்தேன்.

டோலோன் ஏற்றத்தில் ஐந்தாவது வளைவில் இருமல்.
ஏழாவதில் கரும்புகை.
எட்டாவதில் நின்றே போயிற்று.
கீழே ஆறு ஒரு நூலாகக் கிடந்தது.
எனக்கே மூச்சு வாங்கியது.
வாங்கிய அந்த மூச்சில்தான் உறைத்தது:
இங்கே காற்று குறைவு.
பெட்ரோல் மட்டும் கீழே ஊற்றிய அளவே ஊற்றுகிறது.
பகுதி சிறுத்தால் பின்னம் பெருக்கும்,
புதன்கிழமைதான் கரும்பலகையில் எழுதினேன்.

கம்பிகள் கோட்டுக் காலரில் குத்தியிருந்தன.
எங்கள் வீட்டில் எதையும் எறிவதில்லை;
அதில் நான் அவனுக்குச் சளைத்தவளில்லை.
பக்கவாட்டு மரைமூடியைக் கழற்றி,
பெட்ரோலில் விரல்கள் மரத்துப்போக,
இருந்த இடத்திலேயே கம்பிகளை மாட்டினேன்.

லாரி ஏறிற்று.
இரண்டாம் கியரில், முனகிக்கொண்டு, ஆனால் ஏறிற்று.

இரவு கூப்பிட்டான்.
புல் வந்ததா என்று கேட்கவில்லை.
"பெட்ரோல் எவ்வளவு ஆயிற்று?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை,
டிராம் ஒன்று போகும் ஓசை மட்டும்.
"கம்பி?" என்றான்.
இருக்கிறது, என்றேன்.