ஏழாம் லேன்

இரவு இரண்டரைக்கு அக்கா கூப்பிடுவாள்.
டோல்கேட்டில் போன் கூடாது.
ரசீது ரோல் டப்பாவில் சாய்த்து
கேமராவுக்கு முதுகு காட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் மணி பதினொன்று.
இருட்டவில்லை.
ஜூன் மாதத்தில் அங்கே சரியாக இருட்டாதாம்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து
அதன்மேல் சீர்வரிசைப் போர்வையையும் மாட்டியிருக்கிறாள்.
ஓரத்தில் கசிகிறது வெளிச்சம்,
துணியில் கட்டிய தயிரிலிருந்து நீர் மாதிரி.

ஊர்ப் பேர் ஊமெயோ.
முதலில் சொன்னபோது என் காதில்
ஊமையோ என்று விழுந்தது.
யாருக்கா ஊமை என்று கேட்டேன்.
இப்போது, நீ கேட்டதுதான் சரி என்கிறாள்.
மச்சான் விடியுமுன்னே வேலைக்கு ஓடுகிறவர்.
பிறகு நாள் முழுக்க
பிள்ளையைத் தவிர ஆளில்லாத வீடு.
பிள்ளையும் பேசுவதில்லை, கத்துகிறது.

ஐம்பத்திரண்டு நாள்.
அம்மாவுக்கு விசா இரண்டு தரம் தள்ளுபடி.
நாங்கள் அனுப்பிய பூண்டும் மிளகும் பிள்ளை மருந்தும்
பார்சலில் போய்ச் சேர நாற்பது நாள் ஆனது.
அதற்குள் அவள் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றே
பால் கொடுத்திருக்கிறாள்.
தையல் ஆறியதா, பிரிந்ததா,
தம்பியிடம் எப்படிச் சொல்வாள்?
"உட்கார முடியலடா" என்றாள் ஒருநாள்.
நான் அப்போது ஒரு மினி வேனுக்கு
மீதி அறுபது ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேச்சு எப்போதும் பாதி பாதியாகத்தான்.
இன்னைக்காவது தலைக்குக் குளிச்சியாக்கா?
பேலன்ஸ் இல்ல, ஓரங்கட்டுங்க.
"என்னையா சொல்ற?"
உன்னை இல்லக்கா, லாரியை.
"எங்கிட்டயும் இல்லடா."
சிரித்துவிட்டு அழுதாள்.
அழுதுவிட்டுச் சிரித்தாளோ என்னவோ,
படம் உறைந்து நின்றதில் எது முதல் என்று தெரியவில்லை.

மாங்காய் சீசன்.
கிளிமூக்கு லோடு கூழ் கம்பெனிகளுக்கு
வரிசையில் நிற்கிறது.
காம்பில் வடியும் பால் வாசனை
பூத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
அவளிடம் சொல்லவில்லை.
அவளுக்கு இப்போது ஊர் வேண்டாம்,
தூக்கம் வேண்டும்.

நேற்று பிள்ளை நிறுத்தவே இல்லை.
காலை வயிற்றோடு மடக்கி மடக்கி
முகம் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.
என் முன்னால் டிஎன் 88, பதினாறு சக்கரம்.
ஃபாஸ்டேக் படிக்கவில்லை.
க்ளீனர் பையன் இறங்கி வந்தான்.
மீசை இன்னும் முழுதாக வரவில்லை.
"உங்க கொழந்தையாண்ணா?"
அக்காது.
"எங்க இருக்காங்க?"
எப்படிச் சொல்ல. வடக்கே என்றேன்.
"டெல்லியா?"
அதுக்கும் மேலே.

தோளில் கிடந்த எண்ணெய்த் துண்டைச் சுருட்டி
முன்கையில் குப்புறக் கிடத்தினான்.
தலை முழங்கை மடிப்பில்,
இரண்டு காலும் கைக்கு இரண்டு பக்கம் தொங்க.
கண்ணாடிக்கு வெளியே நின்றபடி
துண்டைத் தட்டிக்கொடுத்தான்.
"எங்கக்கா மில்லுக்குப் போனா நான்தான் வச்சிருப்பேன்.
கேஸு பிரிஞ்சிரும்."

அக்கா பார்த்தாள். செய்தாள்.
கை நடுங்கியது திரையிலும் தெரிந்தது.
பின்னால் எட்டு வண்டி ஹாரன்.
அதில் எந்த ஹாரனுக்கோ
பிள்ளை நின்றது,
வாய் திறந்தபடியே, உற்றுக் கேட்கிற மாதிரி.

நான் தடுப்பைத் தூக்கிவிட்டேன்.
பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
ஓடிப்போய் ஏறினான். பேர் கேட்கவில்லை.

"கட் பண்ணாத" என்றாள் அக்கா, மூச்சுக்குள்.
"நீ பேச வேணாம். போன் அங்கயே இருக்கட்டும்."

நாலரைக்கு சார்ஜ் தீர்ந்தது.
அதுவரை திரையில் ஒரு கையும்
அதன்மேல் ஒரு குட்டி முதுகும்.
அவள் முகம் சட்டத்துக்கு வெளியே
எங்கோ சாய்ந்திருந்தது.

காலையில் சூப்பர்வைசர் கணக்குப் பார்த்தார்.
டிஎன் 88க்கு ரசீது இல்லை.
சம்பளத்தில் பிடிச்சுக்கங்க என்றேன்.
சும்மா எதுக்குய்யா விட்ட என்றார்.
லேனில் கைக்குழந்தை இருந்தது சார்
என்றேன்.