பெட்டியில் இன்று

தவணை கட்டாத தொலைக்காட்சியைக்
கடையாட்கள் இருவர் வந்து தூக்கிப்போனார்கள்.
வால்பரைசோ மேட்டின் நூற்றெண்பது படியும்
என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.
அட்டைப்பெட்டியைக் கேட்கவில்லை.
ரசீதில் அது இல்லையாம்.

இருபத்தோரு அங்குலம். கெட்டி அட்டை.
கீழ்வீட்டு செனைடா எட்டிப்பார்த்துச் சொன்னாள்:
"இதில் சூனியக்காரிப் பானை வைக்கலாமே, எர்மிந்தா."

மந்திரம் ஒன்றுமில்லை.
அடியில் நான்கு விரற்கடைக்குச் செய்தித்தாள் கசக்கிப் போட வேண்டும்.
தேர்தல் பக்கமோ, குதிரைப் பந்தயப் பக்கமோ,
கசங்கியபின் எல்லாம் பஞ்சுதான்.
சுற்றிலும் ஒரு பழைய போர்வை.
எங்களிடம் உபரிப் போர்வை ஏது?
ஆணியில் எவரிஸ்தோவின் கம்பளிக் கோட்டு தொங்கியது.

வடக்கே, செம்புச் சுரங்கத்துக்குப் போனவன்.
"பாலைவனத்தில் கோட்டு எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே போனான்.
பாலைவனத்துக்கும் இரவு உண்டு என்று
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
நானும்தான்.
இரண்டு மணியார்டர் வந்தது. பிறகு இல்லை.

இரவெல்லாம் ஊறிய அவரைக்கொட்டை, அரைக் கிலோ.
சிலிண்டரைச் சாய்த்து, குலுக்கி,
காய்ச்சல்கண்ட பிள்ளையைப்போல் மடியில் வைத்து ஆட்டி,
மிச்ச வாயுவில் இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டேன்.
மூடியோடு தூக்கிப் பெட்டிக்குள் இறக்கி
கோட்டின் இரு கைகளையும் பானையைச் சுற்றி இழுத்து
முடிச்சுப் போட்டேன்.
என்னைக்கூட அந்தக் கைகள்
ஆறு மணி நேரம் கட்டிப்பிடித்ததில்லை.

அமாரோ பள்ளி விட்டு வந்து பெட்டியைப் பார்த்தான்.
ஏழு வயது. அழுவான் என்று நினைத்தேன்.
கரித்துண்டால் முகப்பில் சதுரமாய்த் திரை வரைந்தான்.
சோடா மூடி இரண்டை ஒட்டினான்,
ஒன்று ஒலிக்கு, ஒன்று அலைவரிசைக்கு.
பசைக்கு ஒரு கரண்டி மாவு கேட்டான்.
அரைக் கரண்டி கொடுத்தேன்.

"இன்றைக்கு என்ன போடுகிறார்கள்?"
"அவரை."
"நேற்று?"
"அதுவும் அவரைதான். மறு ஒளிபரப்பு."
திறந்து பார்க்கட்டுமா என்று நாலு தடவை கேட்டான்.
திறந்தால் கதை கெட்டுவிடும் என்றேன்.

விடுதியில் பதினான்கு படுக்கை மாற்றிவிட்டு நான் வருவதற்குள்
தீயில்லாமல் வெந்திருக்கும்.
செனைடா ஒரு கீற்று பூசணி தருவாள், கூலி ஒரு கிண்ணம்.
கடைசியில் ஸ்பகெட்டி ஒரு பிடி,
சிவப்பு மிளகாய்த்தூள் தாளித்த எண்ணெய்.
எங்கள் ஊரில் இதற்குக் கடிவாளம் போட்ட அவரை என்று பெயர்.
குதிரை எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஜூலையில், அடைமழையில், கதவு தட்டும் சத்தம்.
எவரிஸ்தோ.
தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.
மன்னிப்புதான் முதலில் வரும் என்று காத்திருந்தேன்.
"என் கோட்டு எங்கே?" என்றான்.

அமாரோ திரும்பாமலே சொன்னான்:
"டிவிக்குள்ளே இருக்கிறது. முடிய இன்னும் இரண்டு மணி நேரம்."

உட்கார்ந்தான். வேறென்ன செய்வான்?
மூவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
நடுவில் ஒருமுறை பையன் எழுந்துபோய்
சோடா மூடியைத் திருகி ஒலியைக் கூட்டினான்.

இரண்டு கிண்ணம் தின்றான்.
மூன்றாவது வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.
பூண்டு மணக்கும் கோட்டை மாட்டிக்கொண்டு
அந்தச் சூட்டில் ஒரு கணம் கண்ணை மூடினான்.
பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து
மேசைமேல் வைத்தான். ஒற்றை அவரைக்கொட்டை.
அமாரோ எப்போது போட்டானோ.

அவன் படியிறங்கும் சத்தத்தை எண்ணவில்லை
என்றுதான் செனைடாவிடம் சொன்னேன்.
எழுபதுவரை எண்ணினேன்.

நாளைக்குப் பானையைச் சுற்ற என்ன?
கிழிந்த மெத்தையுறை ஒன்று அவளிடம் கிடக்கிறது.
தெருவில் வாயு வண்டிக்காரன்
சிலிண்டரை இரும்பால் தட்டிக்கொண்டு வருகிறான்.
நான் ஜன்னலுக்குப் போகவில்லை.
அரைக் கிலோ அவரையைத் தண்ணீரில் கொட்டினேன்,
மேசைமேல் கிடந்ததையும் சேர்த்து.