கூட்டக் குறிப்பில் எழுதாதவை

கூட்டம் பத்து மணிக்கு என்று எழுதியிருக்கிறேன்.
தொடங்கியது பதினொன்றே காலுக்கு.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன்
மழையில் மாட்டிக்கொண்டான்.
கிசுமு நகராட்சி, சுகாதாரப் பிரிவு.
குறிப்பெடுக்கும் வேலை எனக்கு,
பதினாறு வருடமாக.

வந்தவர்கள்: மருத்துவ அலுவலர் வசிகே,
மசூதிக் குழுவிலிருந்து ரஜப்,
ஏரிக்கரையில் மீன் பொரிக்கும் பெண்களுக்காக அபோண்டி,
தண்ணீர் வண்டிக்காரர் ஒகுடு,
முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத இரண்டு போதகர்கள்,
மற்றும் பலர்.

அந்த ‘மற்றும் பலர்’ பற்றித்தான் இது.

சுவரில் நகர வரைபடம்.
நியலெண்டா இருக்க வேண்டிய இடத்தில்
வெளிர்மஞ்சள், ஒரு கோடுகூட இல்லாமல்.
அந்த மஞ்சளுக்குள்தான் அத்தனை ஜனமும்
களி கிண்டுகிறது, பிள்ளை பெறுகிறது.
காலரா கண்ட வீட்டுக்கு ஒரு சிவப்புக் குண்டூசி.
வசிகே குத்தக் குத்த உதிர்ந்தது;
பின்னால் சிமெண்ட் சுவர்.
பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கிழித்து
அட்டையைப் பின்னால் சொருகினோம்.

ஏரித் தண்ணீர்தான் என்றார் ஒரு போதகர்.
மீன் என்றார் மற்றவர்.
அபோண்டி எழுந்தாள்:
“கொதிக்கிற எண்ணெயில் எந்தக் கிருமி நீந்தும் ஐயா?
என் கடையை மூடச் சொல்லும் முன்
உங்கள் ஞானஸ்நானத் தொட்டியைக் கழுவுங்கள்.”
‘கருத்துப் பரிமாற்றம் நடந்தது’
என்று எழுதினேன்.

வெளியே, கூரைச் சொட்டுக்குக் கீழே
மூன்று பேர் நின்றார்கள்.
இரவில் கக்கூஸ் குழி அள்ளுகிறவர்கள்.
அழைப்புப் பட்டியலில் இல்லை; ஒகுடு கூட்டி வந்தது.
குளித்து, சலவைச் சட்டை போட்டு வந்தும்
உள்ளே வரவில்லை.
எங்கள் மூக்கு என்ன செய்யும் என்று
எங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

நெட்டையாக இருந்த ஒபுயா
படியில் நின்றபடியே சொன்னான்:
“ஊசி தப்பான இடத்தில் இருக்கிறது, மேடம்.
செத்த வீட்டில் குத்துகிறீர்கள்.
தண்ணீர் பிடித்த இடத்தில் குத்துங்கள்.”

யாரும் இருமக்கூட இல்லை.

வசிகே ஊசி டப்பாவை நீட்டினார்.
அவன் கையைச் சட்டையில் துடைத்தான்.
இன்னொரு தடவை துடைத்தான்.
ஊசியை விட்டுவிட்டு, என் பென்சிலை எடுத்தான்.
மஞ்சளுக்குள் முதல் கோடு விழுந்தது.
இது சந்து.
இது குழி, மழைக்கு நிரம்பி வழியும்.
இது திருட்டுக் குழாய், சாக்கடைக்குள்ளேயே போகிறது,
இங்கே மூட்டு விட்டுப்போய்
சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறார்கள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் ரஜப்.
“ராத்திரி என் காலில் இடறும்.”

ஒகுடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் வண்டி நிரம்புவது அந்தக் குழாயில்.
கொஞ்ச நேரம் கழித்து,
“எனக்கும் தெரியும்” என்றார்.
“தெரிந்துதான் இவனைக் கூட்டி வந்தேன்.
என் வாய்க்கு வரவில்லை.”

பிறகு நடந்ததெல்லாம் குறிப்பில் ஒழுங்காக இருக்கிறது:
வண்டிக்காரர்களிடம் குளோரின் புட்டி,
வெள்ளித் தொழுகைக்குப் பின்பும் ஞாயிறு ஆராதனைக்குப் பின்பும்
ஒரே அறிவிப்பு, வார்த்தை மாறாமல்,
மீன் கடைதோறும் திருகுக்குழாய் வைத்த வாளி.
அந்த வாளிக்கு நிறம் எது என்று
ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதுவும் இருக்கிறது.

குழாய் மாற்ற ஒன்பது மாதம் ஆனது.
அதற்குள் இன்னும் மூன்று ஊசிகள்.
ஒன்றுக்கு வயது நான்கு.

அடுத்த கூட்டத்துக்கு ஒபுயாவின் பெயரை
நானே பட்டியலில் தட்டச்சு செய்தேன்.
வந்தான். நாற்காலியை இழுத்து
சன்னலோரம் போட்டு உட்கார்ந்தான்,
காற்று எங்கள் பக்கம் வராதபடி.

வருகைப் பதிவில் தொழில் என்றொரு கட்டம்.
என்ன எழுத என்று கேட்டேன்.
“வரைபடம்” என்றான்.
கேலியா என்று நிமிர்ந்து பார்த்தேன்.
அவன் சிரிக்கவில்லை.