தொண்ணூறு டாலர்

குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்து
கையுறை கழற்றாமலே வந்தாள் டார்லா.
இருநூறு டாலர் தூண்டில்கோலை
ஒருமுறை வளைத்துப் பார்த்து
அடுத்த வீட்டுக் குழந்தையைப் போலத்
திருப்பிக் கொடுத்தாள்.

முப்பது டாலர் கோலுக்கு
நுனி தூங்குகிறது என்றாள்.
கடைக்கார வெண்டல் சிரிக்கவில்லை.

தொண்ணூறுக்கு ஏழடிக் கார்பன்.
தக்கைப் பிடியில் நகக்கீறல் அளவு விரிசல்,
போகட்டும்.
வளையங்களுக்குள் பஞ்சைவிட்டு இழுத்தாள்,
ஓரிழைகூடச் சிக்கவில்லை.
பிறகுதான் கையுறையைக் கழற்றினாள்.
வெண்டல் நுனியைச் சுரண்டியது
அவள் மணிக்கட்டுக்குக் கேட்டது.

பாஸ் மீனா விலைச்சீட்டைப் படிக்கப்போகிறது?
எண்ணி வைத்தாள்,
கடைசி மூன்று டாலர் சில்லறையாக.

காரில் அடங்கவில்லை.
டென்னசி ஆற்றுப் பாலத்தில்
ஜன்னலுக்கு வெளியே நீண்ட நுனியை
முதலில் கடித்தது
காற்று.