பலகை எண் பதினேழு

என் வேலை திருகாணிகளைத் தளர்த்துவது.
வனத்துறைச் சம்பளப் பட்டியலில்
இதற்கு வேறொரு பெயர் உண்டு, மிக நீளம்.

ஆண்டுக்கொரு முறை,
இலை கொட்டிப் பாதை மறையும் முன்
ரொதோப்பி மலையின் கிழக்குத் தடத்தில் ஏறுவேன்.
இருபத்து மூன்று மரங்கள்,
இருபத்து மூன்று தகரப் பலகைகள்,
ஒவ்வொன்றுக்கும் நான்கு திருகாணி.
அரைச் சுற்று வெளியே. போதும்.
மறந்தால், மரம் உதட்டைக் குவித்துப்
பலகையை மெல்லத் தொடங்கிவிடும்.

நான் பிரசவ விடுப்பில் இருந்த இரண்டு வருடத்தில்
ஒன்பதாம் எண் மரம்
‘பாதுகாக்கப்பட்டது’ என்ற சொல்லில்
முதல் இரண்டு எழுத்தைத் தின்றுவிட்டது.
மிச்சம்: ‘காக்கப்பட்டது’.
பொருள் கெடவில்லை என்பதால்
மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை.

பதினேழு ஒரு பீச் மரம்.
‘இம்மரத்தடியில் மேல் பெலெவோவும் கீழ் பெலெவோவும்
ஊற்று நீரை நாள் வைத்துப் பங்கிட்டுக்கொண்டன, 1794’.
நகரத்துப் பிள்ளைகள் வந்து
பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.
ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

போன மாதம் போய்கோ அதில் துளையிட்டான்.
வைக்கோல் தடிமனில் ஒரு குச்சி வெளியே வந்தது.
முழங்காலில் வைத்து, ஊசிமுனையால் எண்ணினான்.
நூற்று அறுபத்தொரு வளையம்.
மறுபடி எண்ணினான்.
நூற்று அறுபத்திரண்டு.

இரண்டு ஊரும் கைகுலுக்கியபோது
இந்த மரம் விதையாகக்கூட இல்லை.
‘அலுவலகத்தில் சொல்லட்டுமா, ஸ்லவ்கா?’ என்றான்.
என் வாய் நிறைய ஆப்பிள்.

நாற்பது தப்படி கீழே
பலகை இல்லாத இன்னொரு பீச்.
நடுவயிறு பொந்து, உள்ளே ஆட்டிடையர் மூட்டிய தீயின் கரி.
மலையேறுபவர்கள் அதன் வேரில் சாய்ந்து ரொட்டி தின்பார்கள்,
ஈரக் காலுறையைக் கிளையில் காயப்போடுவார்கள்.
என் அளவுநாடா ஐந்து மீட்டரில் முடிந்துவிட்டது.
மிச்சத்தைக் கழுத்துத் துண்டால் அளந்தேன்.

இன்று
முதன்முறையாக நான்கு திருகாணியையும் முழுக்கக் கழற்றினேன்.
பலகைக்குப் பின்னால்
வெயில் பாராத வெளிறிய பட்டை,
அதில் குளிருக்கு ஒண்டிய பொறிவண்டுகள்,
முப்பதோ நாற்பதோ,
சிந்திய மாதுளை முத்துகள் போல.

தகரத்தை அக்குளில் இடுக்கிக் கீழே இறங்கினேன்.
கிழமரத்தின் உடம்பில் எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை.
எல்லாம் மடிப்பு, முண்டு, பள்ளம்.
நேராக ஒரு சாண் இடம் கிடையாது.

காளான் கூடையோடு நெவேனா வந்தாள், கீழ் பெலெவோக்காரி.
பலகையைப் பார்த்தாள், திருப்புளியைப் பார்த்தாள்.
‘இதிலா ஆணி அடிக்கப் போகிறாய்?’

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.
ஊற்றடிக்குப் போய்
மரமதகைத் தூக்கி மறுபக்கம் போட்டாள்.
தண்ணீர் ஒரு கணம் தயங்கி
இடது வாய்க்காலில் திரும்பியது.
‘செவ்வாய்க்கிழமை’ என்றாள், கையை உதறியபடி.
‘இன்று எங்களுக்கு.’

அந்தப் பலகையை அவள் படித்ததே இல்லையாம்.
கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது,
கண்ணாடி போட்டால் காளான் தெரியாது.

மேலே ஏறினேன்.
பொய் சொல்லும் மரத்திலேயே பொய்யைத் திரும்ப மாட்டினேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
எண் பதினேழு, தளர்த்தப்பட்டது, நல்ல நிலை.

அரைச் சுற்று என்பது விதி.
நான் மூன்று சுற்று விட்டிருக்கிறேன்.
காற்றடித்தால் தகரம் கொஞ்சம் ஆடும், சத்தம் வரும்.
வரட்டும்.
பின்னால் ஆள் இருக்கிறது.