பின்வரிசையில் ஒரு கை

முதல்வர் காருக்குப் பக்கத்து இடம்,
ஓராண்டுக்கு,
மூவாயிரத்து எழுநூறு டாலர்.
போனது.

ஓக்லாந்துக் குன்றின் மேல்
அரசுப் பள்ளிக்குப் பெற்றோர் நடத்தும் ஏலம்.
இறால் தட்டோடு
மேசை மேசையாக நகர்கிறாள் மரிசேலா.

அடுத்தது நூலகர்.
வாரம் ஐந்து நாள், முழுச் சம்பளம்.
சாமான் இல்லை, ஆள்.
சுத்தியல் என்னவோ அதேதான்.

கீழே, நெடுஞ்சாலைக்கு அப்பால்,
மகன் எலியாசரின் பள்ளியில்
நூலகம் பூட்டிக் கிடக்கிறது.
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
புத்தக முதுகுகளைப் படித்துவிட்டு வருகிறான்;
தலைப்பெல்லாம் மனப்பாடம்,
உள்ளே என்னவென்று தெரியாது.
சனிக்கிழமை கப்கேக் விற்று எண்பத்து மூன்று டாலர்.
மாவுக்கும் சர்க்கரைக்கும் நாற்பது போக
மிச்சத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.
ஒரே மாவட்டம், ஒரே வரிப்பணம் என்பார்கள்.
ஏட்டுச் சுரைக்காய்.

நாற்காலிகளுக்கு நடுவே வழியில்லை.
தட்டைத் தலைக்கு மேல் தூக்குகிறாள்.
"அதோ, பின்வரிசையில் ஒரு கை!
பத்தொன்பதாயிரமா?"

அரங்கமே சிரிக்கிறது.
நல்ல மனிதர்கள்தான்;
ஒருவர் எழுந்து வந்து மன்னிப்புக்கூடக் கேட்கிறார்.

அவள் கையை இறக்கவில்லை.
உடனே இறக்கவில்லை.
பத்தொன்பதாயிரம் கொஞ்ச நேரம்
அவள் பேரில் நின்றது.

ஆறாம் மேசையில்
எலுமிச்சை கேட்கிறார்கள்.